இரண்டு மணிக்கூடுகளும் ஒரு பிறந்தநாளும்

சமாதானப் பேச்சுக்களையும் படைநடவடிக்கைகளையும் பற்றி எழுதியே பத்திரிகைத் தொழிலில் என் தலை நரைத்தது. ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா ஆயத்தங்களைப் பற்றி எழுத நேருமென்று ஒருநாளும் எண்ணியதில்லை. ஆயினும் கடந்த வாரம் கிளிநொச்சியில் தங்கியிருந்த மூன்று நாட்களும் வேறெதையும் சிந்திக்க எனக்கு வாய்க்கவில்லை.

என் தங்கையின் மகளுக்கு ஒரு பெண்குழந்தை. வரும் சனிக்கிழமை அதற்கு இரண்டு வயது நிறைகிறது. ஏ-9 வீதியோரத்தில் இப்போது பிறந்தநாள் சோடினையை வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. விரும்பிய கார்ட்டூனைச் சொன்னால், அச்சடித்த திரை, பலூன் வளைவு, கேக் மேசை எல்லாவற்றையும் காலையிற் கொண்டுவந்து வைத்து மாலையில் ஏற்றிச் செல்வார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மாவும் முட்டையும் பால்மாவும் விற்ற விலையைக் கண்டவர்களுக்கு அந்த வாடகை சிறிய தொகையன்று. மருமகள் வேறொரு காரணமும் சொன்னாள். "வாடகைச் சோடினை பின்னேரம் போயிடும் மாமா. நாங்கள் செய்தது வீட்டிலை கிடக்கும்." ஆகவே அனைத்தும் வீட்டிலேயே செய்யப்படுகின்றன. பனையோலை வேலை தங்கைக்கு. கேக் மருமகளுக்கு. எழுத்துக்களோடு வாழ்ந்தவன் என்ற தகுதியில், செம்மஞ்சட் தாளில் குழந்தையின் பெயரை வெட்டும் பணி எனக்கு.

விழாவின் கரு 'ஃபைண்டிங் நீமோ' என்னும் அசைவூட்டத் திரைப்படம். பிக்சர் நிறுவனம் தயாரித்து 2003இல் வெளிவந்தது. அண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கியது. அடுத்த ஆண்டு சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டிகள் கொண்ட கோமாளி மீன்தான் நீமோ. குழந்தைக்கு இப்போது உலகத்து மீன்கள் யாவும் நீமோதான். காலையில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டதும் "நீமோ, நீமோ" என்று படலைக்கு ஓடுகிறது. பெட்டியைத் திறந்து திரளியையும் ஒட்டியையும் அவர் காட்ட, ஒவ்வொன்றுக்கும் கையசைக்கிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு மீனை வாங்கிக் கறி வைப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். தங்கைக்கு அது உண்டு. மருமகளுக்கு இல்லை.

நிற்க. எங்கள் மண்ணில் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுதல் எப்போது வந்தது என்ற கேள்வி, தாளை வெட்டிக்கொண்டிருந்தபோது என்னுள் எழுந்தது.

பழைய வன்னியில் பிள்ளைக்குச் சடங்குகள் இருந்தன. ஆண்டுக்கொருமுறை வரும் திகதி இருக்கவில்லை. 31ஆம் நாள் துடக்குக் கழிவு. பல் முளைத்தவுடன் பல்லுக்கொழுக்கட்டை. பிள்ளையைச் சுளகிலோ பாயிலோ இருத்தி, தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் ஏடு, எழுத்தாணி, கத்தி, காசு, நகை என்று பரப்பி, எதைப் பற்றுகிறது என்று பார்ப்பார்கள். பின்னர் சோறு தீத்தல், காது குத்தல், விசயதசமியில் ஏடு தொடக்கல். இவை யாவும் பிள்ளையின் உடலும் அறிவும் கடந்த படிகளுக்கு உரியவை. நாட்காட்டியின் சதுரத்துக்கு உரியவை அல்ல. பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் கோயிலில் ஓர் அர்ச்சனை நடக்கும். அத்துடன் சரி. பிள்ளை வளர்கிறது என்பதைப் பகிரங்கமாகக் கொண்டாடக் கண்ணூறு பற்றிய அச்சமும் தடையாக நின்றிருக்கும்.

அந்த அச்சம் வெறும் மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். 1895இல் ஜே.பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய நிர்வாகி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேட்டைப் புரட்டினால், காடும் குளமும் காய்ச்சலும் மலிந்த, குடிசனம் குறைந்த ஒரு நிலமே தென்படும். மலேரியாவின் பிடி 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய பின்னர்தான் தளர்ந்தது. போர்க்காலத்தில் மீண்டும் தலைதூக்கி, 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பிள்ளை அடுத்த ஆண்டைக் காணுமா என்ற ஐயம் நிலவும் வீட்டில், ஆண்டைக் கொண்டாடும் வழக்கம் எளிதில் வேர் கொள்ளாது. 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் தொடங்கி, உத்தியோகத்தரும் ஆசிரியரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியமர்ந்த வீடுகள் வழியாகவே கேக்கும் மெழுகுதிரியும் இங்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கேக்கின் முன் இன்று உலகெங்கும் பாடப்படும் மெட்டுக்கூடப் பிறந்தநாளுக்கென்று பிறந்ததன்று. அமெரிக்காவின் கென்டக்கியில் பற்றி ஹில், மில்ட்ரெட் ஹில் என்ற சகோதரிகள் பாலர் வகுப்புக் காலை வணக்கத்துக்காக 1893இல் வெளியிட்டது. அதன் பதிப்புரிமை வழக்கு முடிய 2016 ஆயிற்று. வன்னியில் அதைப் பாடியவர் எவரும் உரிமைத்தொகை கட்டியதாக நான் அறியேன்.

இனி, எங்கள் வீட்டுக் கதை.

மருமகளுக்கு இரண்டு பிறந்தநாட்கள். இதனைக் கேட்டுச் சிரிப்பவர்கள் வன்னியின் அண்மைக்கால வரலாற்றை மறந்தவர்கள். 1996இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி வீழ்ந்தபோது, பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்கவென அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளியது. மே 25ஆம் திகதி ஒரு மணித்தியாலம் கூட்டினார்கள். மக்கள் முணுமுணுக்க, ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி பத்தாண்டு காலம் அப்படியே நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. சேமிப்பதற்கு அங்கே மின்சாரமும் இருக்கவில்லை. ஆகவே சிறு தீவொன்றில் இரண்டு நேரங்கள் ஓடின. 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்காமல் எவரையும் எங்கும் சந்திக்க இயலாது. 2002இல் பாதை திறந்த பின்னர் ஓமந்தைச் சாவடியைக் கடந்தவர்கள் அரை மணியை இழந்தும் பெற்றும் பயணம் செய்தார்கள். சாதகம் கணிப்போர் பாடுதான் பெரும்பாடு. 1996 மே மாதத்துக்கும் ஒக்டோபருக்கும் இடையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு மணியைக் கழிப்பதா, பின்னர் பிறந்த பிள்ளைக்கு அரை மணியைக் கழிப்பதா, வன்னியிற் பிறந்ததென்றால் ஒன்றுமே கழிக்காமல் விடுவதா? எழுதிக் கொண்டுவந்த துண்டில் எந்த நேரம் என்ற குறிப்பு இராது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. தீவு முழுவதும் ஒரே நேரமாகி நான்கு மாதம் நிறையுமுன், ஓகஸ்ட் 11ஆம் திகதி, பாதை மூடப்பட்டது.

மருமகள் பிறந்தது 1997 ஓகஸ்டில், மல்லாவியில். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட பெருங்கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். கிளிநொச்சியில் கால் ஊன்றுமுன் 1996 நடுப்பகுதியில் அங்கிருந்தும் எழும்ப வேண்டியதாயிற்று. கந்தபுரத்தில் சில மாதம், பின் மல்லாவியில் ஒரு கொட்டில். 1997 மே 13ஆம் திகதி தொடங்கிய 'ஜயசிக்குறு' படைநடவடிக்கை வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு மச்சான் தங்கையைச் சைக்கிளில் வைத்து வைத்தியசாலைக்குத் தள்ளிச் சென்றார். குழந்தை பிறந்ததும் தம் கைமணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் குறித்தார்: இரவு 11.48. பிரசவ விடுதியின் சுவர் மணிக்கூடு புதிய நேரத்தில் ஓடியது. அது காட்டியது 12.18. பதிவேட்டில் 21ஆம் திகதி ஏறிற்று. பிறப்புச் சான்றிதழும் அதையே சொல்கிறது.

இரண்டுமே உண்மை. எங்கள் பழைய கணக்கில் இதற்குச் சிக்கலே இல்லை என்பதைக் கவனியுங்கள். சாத்திரத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிகிறது. நள்ளிரவுக்கு அங்கே வேலையில்லை. நட்சத்திரமும் மணிக்கூட்டைப் பார்த்து மாறுவதில்லை. திகதி, சான்றிதழ், கேக் என்ற புதிய ஒழுங்கில்தான் அந்த முப்பது நிமிடம் ஒரு நாளை இரண்டாக்கியது. மச்சான் இருந்தவரை இதில் விவாதமே எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

முதலாவது பிறந்தநாளுக்கு நான் மல்லாவியில்தான் இருந்தேன். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை நீடித்த காலம் அது. பற்றரி வராது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் வரமாட்டா. மண்ணெண்ணெய் அளந்து அளந்து வரும். வெளிச்சம் என்பது ஜாம் போத்தல் விளக்கு. அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் துளையிட்டுத் திரி இறக்குவது. சிறிதளவு எண்ணெயில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்துவிடும். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலியை இயக்குவோம். செய்தி வாசிப்பவர் முக்கிய இடத்துக்கு வரும்போது சுற்றுபவருக்குக் கை சோர்ந்துவிடும். இவ்வாறு பாதி கேட்ட செய்திகளைக் கொண்டு நான் எழுதிய தலையங்கங்களும் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பத்திரிகைத்தாள் கிடைக்காத காலத்தில் கோடிட்ட பள்ளிக்கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் அச்சிட்டோம்.

அந்த நிறத்தாளின் வெட்டுத்துண்டுகள்தான் முதலாவது பிறந்தநாளுக்குத் தோரணமாயின. கேக்கைத் தங்கை சருவத்தில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மீது தணல் குவித்து வேகவைத்தாள். வீட்டுக் கோழியின் முட்டை, கோதுமை மா, பனங்கட்டி. பொங்க வைக்கும் பொருள் எதுவும் இல்லை. கேக் என்று நாங்கள் அழைத்தமையால் அது கேக். கண்ணை மூடிக்கொண்டு உண்டால் இனிப்பு ரொட்டி. மெழுகுதிரிக்குப் பதில் ஜாம் போத்தல் விளக்கு. விளக்கை ஊதி அணைப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் தாயார் கடிந்தபோது, "மண்ணெண்ணெய் மிச்சம் மாமி" என்றார் மச்சான். அவர் அப்படியான மனிதர்.

தடை 2002 சனவரியில் நீங்கியது. பெப்ரவரி 22ஆம் திகதி புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கண்டி வீதி திறந்தது. அந்த நான்கு ஆண்டுகளையும் பற்றி அரசியற் கட்டுரைகள் குவிந்துள்ளன. அவற்றுள் எனதும் உண்டு. பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் எதைக் கண்டார்கள் என்று எழுதியவர் குறைவு. அவர்கள் கண்டது ஐஸ்கிறீமையும் நிறப்பெட்டியில் வந்த பிஸ்கற்றையும் இறுவட்டையும்தான். தெற்கில் ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பின்னர், டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்திற் பேசவைத்த பக்ஸ் பனியைக் கண்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. வவுனியா நகரில் மொழி புரியாமலே அந்த முயலுக்குச் சிரித்த தமிழ்ப் பிள்ளைகளை நான் அறிவேன். உள்வன்னிப் பிள்ளைகளுக்கு அந்த முயலும் இல்லை. இறுவட்டு வந்தபோது, இருபது ஆண்டுக் கார்ட்டூன் ஒரே மாதத்தில் வந்ததுபோல் ஆயிற்று.

2004 ஓகஸ்டில் மருமகளுக்கு ஏழு வயது. குடும்பம் கிளிநொச்சிக்குத் திரும்பியிருந்தது. நான் தொழில் நிமித்தம் வவுனியாவுக்கு மாறியிருந்தேன். மச்சான் யாழ்ப்பாணம் சென்று வரும்போது ஓர் இறுவட்டை வாங்கி வந்தார். உறையில் செம்மஞ்சள் மீன். அயலில் ஒரு ஜெனரேற்றரை இரவலாகப் பெற்று, முற்றத்தில் தொலைக்காட்சியை வைத்து, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரையும் பாயில் இருத்திப் படம் காட்டினார். படத்தின் தொடக்கத்திலேயே தாய்மீனையும் முட்டைகளையும் சீலா மீன் விழுங்கிவிடுகிறது. எஞ்சிய ஒற்றைக் குஞ்சுதான் நீமோ. அதற்கு வலது செட்டை சிறிது. பின்னர் அதனை மனிதர்கள் பிடித்துச் சிட்னி நகருக்குக் கொண்டுபோய்ப் பல்வைத்தியர் ஒருவரின் கண்ணாடித் தொட்டியில் விட்டுவிட, தகப்பன் மீன் கடலெல்லாம் கடந்து தேடிப்போகிறது. ஆங்கிலம் எவருக்கும் புரியவில்லை. மச்சான் பக்கத்தில் நின்று கதை சொன்னாராம். அவருக்கும் ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆகவே பாதிக் கதை அவருடையது. தேடிப்போன தகப்பன் முல்லைத்தீவுக் கரையிலும் வந்து விசாரித்ததாக அவர் சொன்னதை மருமகள் நெடுங்காலம் படத்தில் உள்ளதென்றே நம்பியிருக்கிறாள்.

அன்று கிளிநொச்சியில் இருந்த படப்பிடிப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்தார். ஒரு பிரதியை எனக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு நடந்தவை நீங்கள் அறிந்தவை. 2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. அதற்கு முன்னரே நகரம் வெறுமையாகிவிட்டது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் பொதியில் ஒன்று குறைந்தது. ஒருமுறை மச்சானின் கொப்பி. ஒருமுறை அல்பங்கள். 2009 மே நடுப்பகுதிக்குப் பின்னர் மச்சானைக் கண்டவர் எவருமில்லை. தங்கையும் பதினொரு வயது மருமகளும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தங்கை அவரைத் தேடத் தொடங்கியபோது ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. உலகத்தில் எஞ்சியிருந்த ஒரேயொரு படம் என்னிடம் இருந்த அந்தப் பிறந்தநாட் படம்தான். வவுனியாவில் ஒரு கடையில் கொடுத்து, அவருடைய முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்தேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய தொடர் போராட்டத்தில், தங்கை ஏந்தி அமர்ந்ததும் அந்தப் படமே. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அதனைப் படமெடுத்திருக்கிறார்கள். அதன் இடப்பக்கக் கீழ் மூலையில் மங்கலாக ஒரு செம்மஞ்சள் நிறம் தெரியும். இறுவட்டு உறையின் விளிம்பு அது. கேக் மேசையைக் கத்தரித்தபோது அந்த ஓரம் மட்டும் தப்பிவிட்டது.

இப்போது விழா ஆயத்தத்துக்கு வருகிறேன்.

பலூன் வேண்டாம் என்பது மருமகளின் முதலாவது முடிவு. ரப்பர் பலூனை முதன்முதலில் 1824இல் ஆக்கியவர் மைக்கல் பரடே என்னும் விஞ்ஞானி, வாயுக்களை ஆராய்வதற்காக, என்று என் அறிவைக் காட்டத் தொடங்கினேன். "ஆர் கண்டுபிடிச்சாலும் வெடிக்கும் மாமா" என்றாள். விருந்துக்கு வருவோரில் பெரியவர்கள்தான் திடுக்கிடுவார்கள் என்பது இங்கு விளக்கம் தேவையில்லாத விடயம். பலூனுக்குப் பதில் சவர்க்கார நுரையில் குமிழ் ஊதுவதென முடிவாயிற்று. கடலுக்கும் அது பொருத்தம்.

கடல் என்பது தங்கையின் நீலச் சேலைகள் மூன்று. ஒன்று சுவருக்கு, ஒன்று மேசைக்கு, ஒன்று கூரையிலிருந்து அலையாக. மீன்களைத் தங்கை பனையோலையில் இழைக்கிறாள். கிலுகிலுப்பை பின்னும் அதே முறைதான். வயிறு உருளும் இடத்தில் மட்டும் வாலை இழுத்துவிடுகிறாள். பெட்டி இழைக்கும் சாயத்தில் செம்மஞ்சள் தோய்த்து, வெள்ளைப் பட்டிக்குச் சாயமிடாத ஓலை. உள்ளே குன்றிமணி போட்டிருப்பதால் குழந்தை குலுக்கிப் பார்க்கலாம், ஆனால் பிரிந்துவிடாதபடி இறுக்கி முடிந்திருக்க வேண்டும் என்றேன். மணியை எடுத்துவிட்டுச் சிறு கூழாங்கல்லைத் துணியில் பொதிந்து வைக்கச் சொன்னேன். குன்றிமணி நஞ்சு. தங்கை ஒத்துக்கொண்டாள். வலது செட்டையைச் சிறிதாக இழைக்க வேண்டுமென்று மருமகள் சொன்னபோதுதான் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வடிவா இழைக்கத் தெரிஞ்ச நான் ஏன் பிழையா இழைக்கோணும்?" என்றாள். ஒருமுறை படத்தை இருத்திக் காட்டிய பின்னர், மறுபேச்சின்றி எல்லா மீன்களின் வலது செட்டையையும் பிரித்து இழைத்தாள்.

உணவில் ஒரு தகராறு. வடபகுதிப் பிறந்தநாள் என்றால் மீன் கட்லட்டும் மீன் ரோல்ஸும் இன்றி நிறைவு பெறாது. நீமோவுக்கு விழா எடுத்து மீனைப் பொரித்துக் கொடுப்பதா என்று மருமகள் கேட்டாள். குழந்தைக்குக் கட்லட்டின் உள்ளே இருப்பது தெரியாது என்றாள் தங்கை. இறுதியில் மரக்கறி ரோல்ஸ், உழுந்து வடை, பயற்றம் பணியாரம் என்று தீர்ந்தது. கேக்குக்கு இன்று மின்போறணை இருக்கிறது. ஆயினும் தங்கை சருவத்தையும் மணலையும் தேடி எடுத்து வைத்திருக்கிறாள், மின்சாரம் நின்றால் என்று.

படத்தையும் காட்டுவார்கள், முதற் சில நிமிடங்களைத் தவிர்த்துவிட்டு. குழந்தைக்கு அந்தச் சீலா மீன் இன்னும் அறிமுகமாகவில்லை. கோமாளி மீன்களுள் பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்பது உயிரியல். அப்படிப் பார்த்தால் படத்தின் தகப்பன் மீன் தாயாக மாறியிருக்க வேண்டும் என்றேன். தங்கை ஓலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "அதிலை என்ன அதிசயம் அண்ணை? நான் தேப்பனாத்தானே மாறினன்" என்றாள்.

என் அல்பத்திலிருந்த அந்த முழுப் படத்தை இம்முறை கையோடு கொண்டு சென்றிருந்தேன். சோடினைக்கு மாதிரியாக உதவும் என்ற எண்ணம். மருமகள் அதை வாங்கிப் பார்த்தாள். கேக், இறுவட்டு உறை, ஏழு வயதுத் தான், தோளில் கை போட்டபடி தகப்பன். பிறகு திருப்பினாள். பின்புறத்தில் படப்பிடிப்பு நிலையத்தின் நீல முத்திரையும் திகதியும் இருந்தன: 20.08.2004. இத்தனை ஆண்டுகள் அதனை வைத்திருந்தும், ஒருதடவை முகத்தைக் கத்தரித்தும், நான் பின்புறத்தைக் கவனித்ததில்லை. செய்தியாளனுக்கு இது அழகன்று.

அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் திருமணப் பதிவிலும் அவளுக்கு 21. முகாமில் இருந்து வெளிவந்த பின்னர் நடமாடும் சேவையில் பெற்ற சான்றிதழ்ப் பிரதியிலும் 21. அவள் வேலை செய்யும் இடத்தில் வாழ்த்துவதும் 21ஆம் திகதியில்தான். 20 என்பது அவளுடைய தாயின் வாய்மொழி மட்டுமே என்றிருந்தது. "அப்பா பழைய நேரத்திலைதான் கொண்டாடியிருக்கிறார்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சான்றிதழைத் திருத்தப்போவதாகவும் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் இருந்த நாட்காட்டியைத் திறந்து ஏதோ மாற்றியதைக் கண்டேன்.

அந்தப் படத்தைப் பெருப்பித்து விழாவில் வைக்க வேண்டும் என்றாள். அங்கேதான் உண்மையான சிக்கல் எழுந்தது. கேக் மேசையின் பின்னால் வைக்கலாம் என்று நான் சொன்னேன். தங்கையின் முகம் மாறிற்று. மேசையில் மெழுகுதிரி எரியும். படத்தின் முன்னால் எரியும் சுடர் என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் யாருக்கும் தெரியும். மாலை போடாமல், பொட்டு வைக்காமல், விளக்கேற்றாமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவள் அந்த முகத்தைக் காத்து வந்திருக்கிறாள். கேக்கை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றாள் மருமகள். மெழுகுதிரியே வேண்டாம் என்றேன் நான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஊதத்தானே ஆசை என்றாள் தங்கை. மூவரும் சேலைக் கடலின் நடுவில் வெகுநேரம் நின்றோம். குழந்தை ஒரு பனையோலை மீனைக் குலுக்கிக்கொண்டிருந்தது.

முடிவைத் தங்கையே சொன்னாள். படம் மேசைப் பக்கம் இராது. எதிர்ச் சுவரில், விருந்தினர் கதிரைகளுக்கு மேலாக, வாசலுக்கு அண்மையில் இருக்கும். கேக் வெட்டும்போது குழந்தை அந்தப் பக்கம் பார்த்து நிற்கும். மேசைக்கு முன்னால் நின்று வந்திருப்பவர்களோடு அவரும் பார்க்கட்டும் என்றாள்.

மருமகள் ஆணி அடிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்தாள். செம்மஞ்சட் தாள் எனக்குப் போதவில்லை. இன்னும் இரண்டு எழுத்துக்கள் வெட்ட வேண்டியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மறுபடியும் போகிறேன்.